டி.என்.ஏயின் வடிவம் மாறினால் மின்னியல்பு எப்படி மாறும்? படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமைகளில் திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குறைகடத்திகள் பாடம் முடிந்த ஒரு நாள், உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், டி.என்.ஏ கரண்ட் கடத்துமா?" ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்கலாம் என்றுதான் வாயெடுத்தேன். முடியவில்லை.

ஏனென்றால் உலகத்தின் நல்ல ஆய்வுகூடங்களே இதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. 1999இல் ஃபிங்க், ஷோனென்பெர்கர் என்ற இருவர் டி.என்.ஏ இழைகள் நன்றாகவே கடத்துகின்றன என்று எழுதினார்கள். 2000ஆம் ஆண்டு டேனி போராத்தும் செஸ் டெக்கர் குழுவும் 10.4 நனோமீற்றர் நீளமான ஒரு துண்டை அளந்து, இது குறைகடத்தி போல நடக்கிறது என்றார்கள். அதே ஆண்டில் இன்னொரு குழு, இது காவலி, மின்னோட்டமே இல்லை என்றது. 2001இல் கசுமோவ் குழு, மிகக் குறைந்த வெப்பநிலையில் மீகடத்தும் (தடையே இல்லாமல் கடத்தும்) மின்வாய்களுக்கு நடுவே வைத்தால் டி.என்.ஏக்கும் மீகடத்துத்திறன் தொற்றிக்கொள்கிறது என்றது.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் கையிலும் இருந்தது வேறு வேறு டி.என்.ஏ. எழுத்து வரிசை வேறு, ஈரம் வேறு, கிடந்த தளம் வேறு, மின்வாயில் ஒட்டிய விதம் வேறு. அதனால் "டி.என்.ஏ கடத்துமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்த டி.என்.ஏ, எந்த வடிவத்தில்" என்று கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்வியைக் கையால் கணக்குப் போட்டே கேட்பதற்கான வழிதான் இது. உயர்தரக் கணிதம் தெரிந்தால் போதும். ஒரு மடிக்கணினியோ, கொலாப் (இணையத்திலேயே பைதன் நிரல் ஓட்டும் கூகுளின் தளம்) திறக்கக்கூடிய கைப்பேசியோ இருந்தால் இன்னும் நல்லது.

முதற்படி: ஏணியை வரைந்து அளவுகளைக் குறியுங்கள்

பாடப்புத்தகத்தில் இருக்கும் முறுக்கிய ஏணிதான். ஆனால் இந்த முறை பக்கத்துச் சட்டங்களை விட்டுவிட்டு நடுவிலுள்ள படிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு மூலச் சோடி: குவானினுக்குச் சைற்றோசின், அடெனினுக்குத் தைமின். இந்த நான்கு மூலங்களைத்தான் எழுத்துகள் என்கிறோம். நீருக்குள் இருக்கும் சாதாரண டி.என்.ஏயில் (இதை பி வடிவம் என்பார்கள்) ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 0.34 நனோமீற்றர். ஏறத்தாழ 10.5 படிக்கு ஒரு முழுச் சுற்று, அதாவது படிக்கு 34 பாகை திருப்பம். ஏணியின் அகலம் 2 நனோமீற்றர்.

இந்த 0.34 என்ற எண்ணைக் கண்டதும் உங்களுக்கு ஒரு ஞாபகம் வர வேண்டும். பென்சிற் கரியில், அதாவது காரீயத்தில், தட்டுக்குத் தட்டு இடைவெளியும் ஏறத்தாழ அதேதான். மூலங்கள் தட்டையான வளையங்கள். அவற்றின் மேலும் கீழும் பை இலத்திரன் முகில் பரந்திருக்கிறது. தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கினால் ஒன்றின் முகில் மற்றதைத் தொடும். அப்படியென்றால் இலத்திரன் ஏணியின் நடுவழியாக ஏறி இறங்கலாமே என்று 1962லேயே எலி, ஸ்பைவி என்ற இருவர் யோசித்துவிட்டார்கள்.

யோசனை சரி. ஆனால் காரீயத்தில் எல்லாத் தட்டும் ஒரே வகைத் தட்டு. டி.என்.ஏயில் அப்படியில்லை. கதையே அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாம் படி: ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சக்தி எண் கொடுங்கள்

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரே மதிலுக்குள் ஏழு கிணறுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் சூடு அடுத்ததற்கு இல்லை. வாளியை விட்டு அள்ளி ஊற்றும்போதே தெரியும். டி.என்.ஏயின் நான்கு மூலங்களும் அப்படித்தான். பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் இலத்திரன் வேறு சக்தியில் இருக்கிறது.

டி.என்.ஏயில் பெரும்பாலும் ஓடுவது இலத்திரன் போன பிறகு மிஞ்சும் இடம், குறைகடத்திப் பாடத்தில் படித்த அதே துளை. ஒரு மூலத்திலிருந்து இலத்திரனைப் பிடுங்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பதே அந்த மூலத்தின் தளச் சக்தி. கணிப்பு மாதிரிகளில் வழக்கமாக எடுக்கும் எண்கள் இவை: குவானின் 7.75, அடெனின் 8.24, சைற்றோசின் 8.87, தைமின் 9.14 இலத்திரன் வோல்ற். இலத்திரனை மிக இலகுவாக விட்டுக்கொடுப்பது குவானின். ஆகவே துளை தங்க விரும்பும் இடமும் அதுதான்.

இவை மூலம் தனியாக, வெற்றிடத்தில் இருக்கும் நிலையை ஒட்டிய எண்கள். நீருக்குள் அளந்த ஒட்சியேற்ற அழுத்தங்களை (இலத்திரனைப் பிடுங்கத் தேவையான வோல்ற்றளவை) எடுத்தால் வரிசை மாறாது, இடைவெளி மட்டும் சுருங்கும்: குவானின் 1.29, அடெனின் 1.42, சைற்றோசின் 1.6, தைமின் 1.7 வோல்ற். குவானினுக்கும் அடெனினுக்கும் இடையிலுள்ள படி முதற் பட்டியலில் 0.49, இரண்டாவதில் 0.13. இரண்டையும் கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு மோத விடுவோம்.

மூன்றாம் படி: அடுத்தடுத்த படிகளின் கைகோப்பை அளவிடுங்கள்

தளச் சக்தி மட்டும் போதாது. பக்கத்துப் படிக்குத் துளை எவ்வளவு இலகுவாகத் தாவும் என்பதற்கும் ஓர் எண் வேண்டும். நான் பிள்ளைகளுக்கு இதைக் கைகோப்பு என்று சொல்வேன். இரண்டு முகில்கள் எவ்வளவு மேற்பொருந்துகின்றன என்பதன் அளவு அது. அடுத்தடுத்த இரண்டு குவானின்களுக்கு ஏறத்தாழ 0.08 இலத்திரன் வோல்ற் என்று கணிப்புகள் சொல்கின்றன. எளிமைக்காக எல்லாச் சோடிக்கும் இதையே வைப்போம்.

இந்த எண்தான் வடிவத்தின் சொற்கேட்டு ஆடுவது. ஏணியை இழுத்தால் முகில்கள் விலகும், கைகோப்பு வேகமாகக் குறையும். முறுக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் மேற்பொருத்தம் மாறும். ஒரு படி சாய்ந்தாலும் மாறும். ஆக, வேதியியல் மாற்றம் பெரும்பாலும் தளச் சக்தியைத் தொடும், வடிவ மாற்றம் பெரும்பாலும் கைகோப்பைத் தொடும். எந்தக் கட்டமைப்பு மாற்றத்தைப் பார்த்தாலும் "இது எந்த எண்ணைத் தொடுகிறது" என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை அதோடு முடிந்துவிடும்.

நான்காம் படி: ஐந்து எழுத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். எங்கள் விறாந்தையில் இதற்கே இரண்டு சனிக்கிழமை போனது.

ஐந்து வரிசை, ஐந்து நிரல் கொண்ட ஒரு தாயம் (மெட்ரிக்ஸ்) எழுதுங்கள். மூலைவிட்டத்தில் ஐந்து எழுத்துகளின் தளச் சக்தி. மூலைவிட்டத்தை ஒட்டிய இருபக்கக் கட்டங்களிலும் கைகோப்பு, அதாவது −0.08. மற்ற எல்லாக் கட்டமும் பூச்சியம். அப்புறம் இதன் ஐகன் பெறுமானங்களை, அதாவது துளைக்கு வாய்க்கக்கூடிய சக்திகளை, காணுங்கள். பைதனில் நம்பை என்ற இலவச நூலகம் இருந்தால் ஒரே வரி. மிகக் குறைந்த பெறுமானத்துக்குரிய காவியை (வெக்டரை) எடுத்து, அதன் ஐந்து கூறுகளையும் தனித்தனியே வர்க்கியுங்கள். வரும் ஐந்து எண்களும் துளை எந்த எழுத்தில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைச் சொல்லும்.

முதலில் ஐந்தும் குவானின். நூறுக்கு 8, 25, 33, 25, 8 என்று வர வேண்டும். துளை எல்லா எழுத்திலும் பரவியிருக்கிறது. கிட்டார்க் கம்பியின் அடிப்படை அதிர்வு போல நடுவில் பருத்து ஓரத்தில் மெலிந்திருக்கும்.

இப்போது நடுவிலிருக்கும் குவானினை எடுத்துவிட்டு அடெனினை வையுங்கள், 7.75 இருந்த இடத்தில் 8.24. விடை 21, 28, 2, 28, 21 ஆகிறது. ஒரேயொரு எழுத்துதான் மாறியது. நடுவழி மூடிக்கொண்டது. துளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிறது, நடுவில் தங்குவதில்லை.

மூன்றாவது முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. நடுவில் குவானினையே வையுங்கள், ஆனால் பழுதான குவானின். உடலுக்குள் ஒட்சிசன் சார்ந்த மூலிகங்கள் தாக்கும்போது குவானினின் எட்டாவது காபனில் ஓர் ஒட்சிசன் ஏறிக்கொள்ளும். அதற்குப் பெயர் எட்டு-ஒக்சோகுவானின். அதன் ஒட்சியேற்ற அழுத்தம் ஏறத்தாழ 0.74 வோல்ற்தான், நல்ல குவானினைவிட 0.55 குறைவு. ஆகவே 7.75இல் 0.55ஐக் கழித்து 7.20 என்று வையுங்கள். விடை 0, 2, 96, 2, 0. துளை அப்படியே குழிக்குள் விழுந்துவிட்டது. நம் ஊரின் 30 பாகை வெக்கையிலும் வெப்ப அசைவின் சக்தி 0.026 இலத்திரன் வோல்ற் மட்டுமே. 0.55 ஆழமான குழியிலிருந்து ஏறி வரும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

ஓர் ஒட்சிசன் அணு, ஒரு முழு இழையின் மின்னியல்பு. முதன்முதலில் இந்த 96 திரையில் வந்தபோது விறாந்தையில் சத்தமே இல்லை.

உயிரியல் படிப்பவர்களுக்கு இதில் இன்னும் ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று குவானின்கள் தொடர்ந்து வரும் இடங்களில் துளையின் சக்தி தனிக் குவானினைவிடத் தாழ்வாக இருக்கும். இரண்டு குவானினை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 7.75 என்பது 7.67 ஆக இறங்குவதை நீங்களே காணலாம். அதனால் தூரத்தில் எங்கோ ஏற்பட்ட ஒட்சியேற்றத் தாக்கம்கூட அடுக்கு வழியே நகர்ந்து வந்து குவானின் கூட்டத்தில் பழுதாக வெளிப்படுகிறது. அடி விழுந்த இடம் வேறு, காயம் படும் இடம் வேறு.

ஐந்தாம் படி: தூரம் கூடினால் என்ன ஆகும் என்று பாருங்கள்

இரண்டு குவானினுக்கு நடுவே அடெனின்–தைமின் சோடிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவோம். துளை நடுவில் எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் ஊடுருவிப் பாய்ந்தால், ஒவ்வொரு அடெனினுக்கும் வேகம் கைகோப்பைச் சக்தி இடைவெளியால் வகுத்து வர்க்கித்த மடங்காகக் குறையும். வெற்றிட இடைவெளி 0.49 என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் 37இல் ஒரு பங்கு. நீர் இடைவெளி 0.13 என்றால் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. இதை நனோமீற்றருக்கான தேய்வு எண்ணாக மாற்றினால் முதலாவது 10.7, இரண்டாவது 2.9.

ஆய்வுகூடத்தில் அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? லூயிஸ், வசிலெவ்ஸ்கி குழு 1997இல் ஒளியால் தூண்டி அளந்தபோது ஏறத்தாழ 6.4. நாங்ஜியான் தாவோ குழு 2004இல் தனி மூலக்கூற்றைத் தங்க முனைகளுக்கு நடுவே நீருக்குள் பிடித்து அளந்தபோது 4.3. நம்முடைய இரண்டு எண்களுக்கும் நடுவே அழகாக விழுகின்றன. மடிக்கணினியில் போட்ட முரட்டுக் கணக்குக்கு இது நல்ல பலன். ஆனால் இதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மை மூலக்கூறு ஓயாமல் அதிர்கிறது, கைகோப்பு கணத்துக்குக் கணம் மாறுகிறது, சுற்றியுள்ள நீர் துளையை இழுத்துப் பிடிக்கிறது.

தாவோ குழுவின் அளவீட்டில் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எட்டுச் சோடிகளும் குவானின்–சைற்றோசினாக இருந்த துண்டின் தடை ஏறத்தாழ ஒரு கோடி ஓம். அதே வகைச் சோடிகளைக் கூட்டி நீட்டியபோது கடத்துதிறன் நீளத்துக்கு நேர்மாறாக மெதுவாகவே குறைந்தது, சாதாரணக் கம்பி போல. நடுவே அடெனின்–தைமினை நுழைத்தபோதோ ஒவ்வொரு சோடிக்கும் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக விழுந்தது. நீளம் ஒன்றாக இருந்தாலும் எழுத்து மாறினால் விதியே மாறுகிறது.

ஏன் இரண்டு விதி? திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டியாறுக் குடாவை வள்ளத்தில் நேரே குறுக்கறுக்கலாம். அல்லது கிண்ணியாப் பாலத்தால் தரைவழியாகச் சுற்றி, ஊர் ஊராக நின்று நின்று போகலாம். நேர்வழி குறுகிய தூரத்துக்கு நல்லது. அகலம் கூடக்கூட அது வேகமாகக் கைவிடும். நின்று போகும் வழி மெதுவானது, ஆனால் தூரத்துக்கு அவ்வளவாகப் பயப்படாது. டி.என்.ஏயிலும் அப்படியே ஊடுருவல் ஒன்று, துள்ளல் ஒன்று. பெர்ன்ட் கீஸ குழு 2001இல் இதைத் தெளிவாகவே காட்டியது. குவானின்களுக்கு நடுவே அடெனின்–தைமின் சோடி மூன்றுவரை இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் வேகம் சரிந்தது. அதற்கு மேல் கூட்டினால் சரிவு ஏறக்குறைய நின்றுவிட்டது, ஏனென்றால் துளை இப்போது அடெனின்களிலேயே இறங்கி இறங்கித் துள்ளத் தொடங்கிவிட்டது. அது எப்படி முடியும் என்று 0.13ஐயும் 0.026ஐயும் வைத்துப் பாருங்கள். அடெனினில் ஏறும் வாய்ப்பு 150இல் ஒன்று. சிறியதுதான், ஆனால் நடக்கக்கூடியது. 0.49 உண்மையாக இருந்திருந்தால் நடக்கவே நடக்காது. நீர் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

ஆறாம் படி: மாற்றங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். சமையலில் உப்பையும் புளியையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

பொருந்தாச் சோடியிலிருந்து தொடங்குங்கள். அடெனினுக்கு எதிரே தைமினுக்குப் பதில் சைற்றோசின் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏணி உடையாது, வெளியே பார்த்தால் பெரிய வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்தப் படி தளர்ந்து ஆடும், அங்கே கைகோப்பு குறையும். மின்னோட்டம் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜாக்குலின் பார்ட்டனின் குழு தங்க மின்வாயில் டி.என்.ஏயைப் புல் நட்டது போல நட்டு, அடுக்குக்குள் செருகும் ஒரு சாயத்துக்கு மின்னேற்றம் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தது. எல்லாச் சோடியும் பொருந்தினால் சைகை வரும், ஒன்று பிழைத்தால் விழும். 2000ஆம் ஆண்டு இதையே மரபணுத் திரிபு கண்டறியும் முறையாக வெளியிட்டார்கள். 2011இல் 100 சோடி, 34 நனோமீற்றர் நீளத்துக்கும் இது பொருந்துவதைக் காட்டினார்கள். நூறில் ஒரு படி பிழையானாலும் தெரிகிறது. கட்டமைப்புக்கும் மின்னியல்புக்கும் உள்ள உறவை ஒரே உதாரணத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்து முழு வடிவ மாற்றம். ஈரம் குறைந்தால் டி.என்.ஏ ஏ வடிவத்துக்குப் போகும். ரோசலிண்ட் பிராங்ளின் தன் இழைகளின் ஈரப்பதனைக் கூட்டிக் குறைத்தே ஏ, பி என்ற இரண்டு வடிவங்களையும் பிரித்தறிந்தார். ஏ வடிவத்தில் சுற்றுக்கு 11 சோடி, படி உயர்வு 0.26 நனோமீற்றர், படிகள் அச்சிலிருந்து விலகிச் சாய்ந்திருக்கும். ஜோஷ்வா ஹிஹாத் குழு 2015இல் கரைசலில் எதனோலைக் கூட்டி ஒரே மூலக்கூற்றை பியிலிருந்து ஏக்கு மாற்றியது. எழுத்து ஒன்றும் மாறவில்லை. கடத்துதிறன் ஏறத்தாழப் பத்து மடங்கு கூடியது. நம் மாதிரியில் இது கைகோப்பு மாற்றம். 0.08ஐ 0.10, 0.12 என்று உயர்த்தி, அடெனினை நடுவில் வைத்த கணக்கைத் திரும்பப் போட்டால் நடுவிலிருந்த அந்த 2 எப்படிக் கூடுகிறது என்று தெரியும். இடது பக்கம் முறுகும் இசட் வடிவமும் இருக்கிறது, சுற்றுக்கு 12 சோடி, உப்பு மிகச் செறிவான கரைசலில் குவானினும் சைற்றோசினும் மாறி மாறி வரும் வரிசைகள் அப்படிப் போகும். அதன் அடுக்கு ஒழுங்கற்றது, படிக்குப் படி மேற்பொருத்தம் மாறும்.

தளத்தில் கிடத்தினாலும் வடிவம் மாறும். அப்பிரகத் தகட்டில் கிடக்கும் டி.என்.ஏயின் உயரத்தை அளந்தால் 2 நனோமீற்றரைவிடக் குறைவாகவே வருகிறது. நசுங்கிக் கிடக்கிறது. முன்பு சொன்ன காவலிப் பதில்களுக்கு இது ஒரு முக்கிய காரணம். குவானின்கள் நான்கு நான்காகச் சதுரம் கட்டி அடுக்கிய நாற்சுருள் டி.என்.ஏ இவ்வளவு இலகுவில் நசுங்காது. 2014இல் போராத் குழு அப்படிப்பட்ட இழையை அப்பிரகத்தின் மேலேயே கிடத்தி, 100 நனோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்கும் மின்னோட்டம் அளந்தது. பிக்கோ அம்பியர் அளவுதான். ஆனால் சாதாரண இரட்டைச் சுருளியில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடைக்காது.

உலோகத்தைச் சேர்க்கலாம். தைமினுக்கு எதிரே தைமினை வைத்து நடுவே ஓர் இரச அயனை விட்டால் மூன்றும் ஒரு படியாகச் சேர்ந்துகொள்ளும். சைற்றோசின் இரண்டுக்கு நடுவே வெள்ளி அயன். மூலங்களின் புரோத்தன் இருந்த இடத்தில் நாகம் (சிங்க்), நிக்கல், கோபாற்று ஏறிய வகையும் உண்டு, கரைசல் காரமாக இருக்க வேண்டும். இவற்றைப் படிக்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிருங்கள். 1998இல் பிரவுன் குழு 12 மைக்கிரோமீற்றர் இடைவெளியில் டி.என்.ஏயை நீட்டி அதன்மேல் வெள்ளியைப் படியவைத்துக் கம்பி செய்தது. அழகான வேலை. ஆனால் அங்கே கடத்தியது வெள்ளி, டி.என்.ஏ அதைத் தாங்கிய வெறும் சாரக்கட்டு.

செருகலும் ஒரு வழி. 2016இல் 11 சோடித் துண்டு ஒன்றுக்குள் கொரலைன் என்ற தட்டையான மூலக்கூறுகளைச் செருகினார்கள். அது இருவாயி (டயோட்) போல ஒரு திசையில் கூடுதலாகக் கடத்தியது, 1.1 வோல்றில் ஏறத்தாழ 15 மடங்கு வித்தியாசம்.

இத்தனைக்கும் பிறகு, ஏணியின் சட்டங்கள் வெறும் தாங்கிகள்தான் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். 2020இல் போராத் குழு ஏறத்தாழ 30 நனோமீற்றர் நீளமான இரட்டைச் சுருளிகளில் பல பத்து நனோ அம்பியர் மின்னோட்டம் அளந்தது. அப்புறம் வெல்ல–பொசுபேற்றுச் சட்டத்தில் இரண்டு இடத்தில் மட்டும் சிறு வெட்டுப் போட்டது. மூலங்களின் அடுக்கு அப்படியே இருந்தது. மின்னோட்டம் நின்றுவிட்டது. அந்த நிலைமையில் வழி சட்டத்தின் ஊடாகப் போயிருக்கிறது என்றுதான் அவர்கள் முடிவு செய்தார்கள். நம் ஐந்துக்கு ஐந்து தாயத்தில் சட்டத்துக்கு இடமே இல்லை. மாதிரி எதை விட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டே பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: கையால் செய்து பாருங்கள், ஆனால் மல்ரிமீற்றரை நம்பாதீர்கள்

வாழைப்பழத்தை மசித்து, பாத்திரம் கழுவும் திரவமும் உப்பும் சேர்த்து வடித்து, குளிர்ந்த எதனோலை மெதுவாக மேலே ஊற்றினால் வெள்ளை நூல் போல டி.என்.ஏ எழும். நிலாவெளி உப்பளத்து உப்பே போதும். முதன்முறை செய்தபோது என் மாணவன் ஒருவன் அந்தக் கூழுக்குள் மல்ரிமீற்றரின் இரண்டு முனையையும் குத்தி, "சேர், கரண்ட் போகுது!" என்று கத்தினான். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அன்று பின்னேரம் அதே உப்புக் கரைசலை டி.என்.ஏ இல்லாமல் அளந்தோம். வாசிப்பு ஏறத்தாழ அதேதான். நாங்கள் அளந்தது உப்பின் அயன்களை. அவனுடைய முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் "அப்ப டி.என்.ஏ இல்லாமலும் ஒருக்கா அளப்பம்" என்று சொன்னவனும் அவனேதான். ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தனி மூலக்கூற்றின் மின்னோட்டத்தை இங்கே அளக்க முடியாது. ஆனால் அடுக்கு கலைந்தால் இலத்திரன்களின் நடத்தை மாறுகிறது என்பதைக் கண்ணாலே காண ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஊதா கடந்த கதிரின் உறிஞ்சலை அளக்கும் நிறமாலைமானி வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால், அங்குள்ள விரிவுரையாளரிடம் முறையாகக் கேட்டுப் பாருங்கள். வாழைப்பழக் கூழில் ஆர்.என்.ஏயும் புரதமும் கலந்திருக்கும், ஆகவே விலைக்கு வரும் தூய டி.என்.ஏயைப் பயன்படுத்துங்கள். மில்லிலீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் இரட்டை இழை டி.என்.ஏ, 260 நனோமீற்றர் அலைநீளத்தில் உறிஞ்சல் 1.0 காட்டும். உப்புச் செறிவு குறைந்த தாங்கற் கரைசலில் வைத்து, ஒவ்வொரு சில பாகைக்கும் வாசிப்பைக் குறித்துக்கொண்டு 95 பாகைவரை சூடாக்குங்கள். வெகுநேரம் எண் அசையாது. பிறகு சில பாகைக்குள் கிடுகிடுவென ஏறி 1.4க்குக் கிட்ட நிற்கும்.

மூலங்களின் எண்ணிக்கை கூடவில்லை. எழுத்து மாறவில்லை. அடுக்காக இருந்தபோது ஒன்றின் ஒளி உறிஞ்சலை மற்றொன்று அடக்கி வைத்திருந்தது. இழைகள் பிரிந்து அடுக்கு கலைந்ததும் ஒவ்வொரு வளையமும் தனித்தனியே உறிஞ்சத் தொடங்கிவிட்டது. பாய்ச்சல் நடக்கும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். குவானின்–சைற்றோசின் கூடிய டி.என்.ஏக்கு அது மேலே தள்ளிப்போகும்.

சூடான கரைசலை இரண்டு குழாயில் பிரித்து எடுங்கள். ஒன்றுக்குக் கொஞ்சம் உப்புச் சேர்த்து, மேசையில் வைத்து மணிக்கணக்காக ஆற விடுங்கள். மற்றதை உடனே பனிக்கட்டிக்குள் அமுக்குங்கள். அடுத்த நாள் இரண்டையும் 260இல் வாசியுங்கள். மெதுவாக ஆறியதில் எண் பழைய பெறுமானத்தை நோக்கி இறங்கியிருக்கும், இழைகள் தம் சோடியைத் தேடிச் சேர்ந்திருக்கும். பனிக்கட்டியில் வைத்தது அவ்வளவு இறங்கியிருக்காது.